நோவுக் குளிசையால் வந்த இரைப்பைப் புண்: அஸ்பிரினை நிறுத்தலாமா? இனி வயிற்றை எப்படிக் காப்பது?

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கும் பயன்படும். உங்கள் அம்மாவுக்கு 68 வயது, திருகோணமலையில் சாம்பல்தீவில் இருக்கிறார். முழங்கால் நோவுக்காக இரண்டு வருடங்களாக டைக்குளோபெனாக் 50 மில்லிகிராம் குளிசையைக் கடையில் வாங்கிக் காலையும் மாலையும் போட்டு வந்திருக்கிறார். இதயக் குழாயில் ஸ்டென்ட் (அடைத்த குழாயைத் திறந்து வைத்திருக்கும் சிறு வலைக்குழாய்) வைத்திருப்பதால் தினமும் அஸ்பிரின் 75 மில்லிகிராமும் எடுக்கிறார். போன மாதம் மலம் கறுப்பாகப் போய், தலைசுற்றி விழுந்துவிட்டார். வைத்தியசாலையில் இரத்தம் ஏற்றி, கமரா விட்டுப் பார்த்து, இரைப்பையில் புண் என்று சொல்லியிருக்கிறார்கள். இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார். "அஸ்பிரின்தான் வயிற்றை அரித்துவிட்டது, அதை நிறுத்துங்கள்" என்று அயலவர்கள் சொல்கிறார்கள். அதை நிறுத்தலாமா, வயிற்றுக் குளிசையை எவ்வளவு காலம் எடுப்பது, முழங்காலுக்கு இனி என்ன செய்வது என்று கேட்கிறீர்கள்.

அஸ்பிரினை நீங்களாக நிறுத்தாதீர்கள். வைத்தியசாலையில் தந்த அட்டையில் அதைத் தொடரும்படி எழுதியிருந்தால் தொடருங்கள். தற்காலிகமாக நிறுத்தியிருந்தால், எந்தத் திகதியில் மீண்டும் தொடங்குவது என்று இந்த வாரமே கிளினிக்கில் கேளுங்கள். ஸ்டென்ட் வைத்தவருக்கு அஸ்பிரின் ஒரு காவல். ஹொங்கொங்கில் செய்து 2010இல் வெளியான ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. இதயத்துக்கோ மூளைக்கோ அஸ்பிரின் எடுத்துவந்த 156 பேருக்குப் புண்ணிலிருந்து இரத்தம் கசிந்தது. கசிவை எண்டோஸ்கோப்பி (வாய் வழியே விடும் கமராக் குழாய்) மூலம் அடைத்த பிறகு, பாதிப் பேருக்கு அஸ்பிரினை உடனே தொடர்ந்தார்கள், மீதிப் பேருக்கு எட்டு வாரம் வெற்றுக் குளிசை கொடுத்தார்கள். எல்லோருக்கும் அமிலத்தை அடக்கும் மருந்து கொடுக்கப்பட்டது. அஸ்பிரின் எடுத்தவர்களில் 10.3 வீதமானோருக்கும், எடுக்காதவர்களில் 5.4 வீதமானோருக்கும் மீண்டும் இரத்தம் கசிந்தது. ஆனால் எட்டு வாரத்துக்குள் இறந்தவர்கள் அஸ்பிரின் எடுத்தவர்களில் 1.3 வீதம், எடுக்காதவர்களில் 12.9 வீதம். வயிற்றைக் காப்பாற்றப் போய் உயிரைக் கொடுத்த கதை அது.

ஒரு வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். மாரடைப்போ பக்கவாதமோ ஸ்டென்டோ எதுவும் இல்லாமல், "இரத்தம் தடிக்காமல் இருக்கட்டும்" என்று மட்டும் அஸ்பிரின் எடுத்துவந்த ஒருவருக்கு இப்படி இரத்தம் கசிந்தால், பெரும்பாலும் அதை நிறுத்திவிடுவார்கள். உங்கள் அம்மா அந்த வகை அல்ல.

உங்கள் வீட்டை விட்டுப் போக வேண்டியது டைக்குளோபெனாக். அதற்குக் காரணம் வயிறு மட்டும் அல்ல. இதயக் குழாய் அடைப்பு உள்ளவர்களுக்கு இந்த மருந்தைக் கொடுக்கக் கூடாது என்று ஐரோப்பிய மருந்து ஆணையம் 2013இலேயே அறிவுறுத்தியது. ஸ்டென்ட் வைத்த ஒருவர் இரண்டு வருடங்களாக இதைக் கடையில் தாராளமாக வாங்கிப் போட முடிந்திருக்கிறது என்பதைப் படித்தபோது எனக்கு மனம் பதறியது. மருந்துக் கடையில் நீண்ட காலம் மருந்தாளராக நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன், இது ஒரு வீட்டில் மட்டும் நடப்பதல்ல. நிலாவெளியில் கரைவலை இழுப்பவர், தம்பலகாமத்தில் வயல் வேலை செய்பவர், நகரில் நாள் முழுக்க நின்று தைப்பவர் என்று எல்லோருக்கும் நாரியும் முழங்காலும் உளைகின்றன. "நோவுக்கு ஒரு செட் தாருங்கள்" என்று கேட்டால், சில கடைகளில் ஒரு சின்னக் கடதாசி உறையில் நாலைந்து வகைக் குளிசைகளைக் கலந்து போட்டுத் தந்துவிடுகிறார்கள். இளஞ்சிவப்பில் ஒன்று, மஞ்சளில் விற்றமின் ஒன்று, இரண்டு நிறக் கூட்டுக் குளிசை ஒன்று. உறையில் மருந்தின் பெயரே இருக்காது. "காலை 1, இரவு 1, சாப்பாட்டுக்குப் பின்" என்று மட்டும் எழுதியிருக்கும். அந்த உறையுடன் வைத்தியசாலைக்குப் போனால், என்ன எடுத்தார் என்று வைத்தியரால்கூடச் சொல்ல முடியாது. பெயர் எழுதாத குளிசையை இனி வீட்டுக்குள் எடுக்காதீர்கள்.

இந்தப் புண் எப்படி வருகிறது என்பது விளங்கினால், மற்றவை தானாக விளங்கும். இரைப்பைக்குள் சுரக்கும் அமிலம் இறைச்சியையே கரைக்கக் கூடியது. அது இரைப்பையின் சுவரைக் கரைக்காமல் இருப்பதற்குக் காரணம், சுவர் இடைவிடாமல் சளிப்படலத்தையும் அமிலத்தை முறிக்கும் பைகாபனேற்றையும் சுரப்பதுதான். சுவருக்கு நல்ல இரத்த ஓட்டமும் இருக்கிறது, சிறு கீறல் விழுந்தாலும் அன்றன்றே ஆறிவிடும். இவை எல்லாவற்றையும் நடத்துவது புரொஸ்டகிளாண்டின் என்ற பொருள். மூட்டில் நோவையும் வீக்கத்தையும் உண்டாக்குவதிலும் அதே குடும்பத்துப் பொருள்களுக்குப் பங்கு உண்டு. அஸ்பிரினும் டைக்குளோபெனாக் போன்ற அதன் உறவு மருந்துகளும் புரொஸ்டகிளாண்டின் உருவாவதைத் தடுத்தே நோவைக் குறைக்கின்றன என்று பிரித்தானியரான ஜோன் வேன் 1971இல் கண்டுபிடித்தார். 1982இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. மூட்டில் நோவைத் தணிக்கும் அதே செயல் இரைப்பையில் காவலைக் கலைத்துவிடுகிறது. இதற்கு மேலாக, இரத்தம் உறைவதற்கு உதவும் குருதிச் சிறுதட்டுக்களையும் இந்த மருந்துகள் மந்தமாக்குகின்றன. புண்ணும் வரும், வந்த புண்ணிலிருந்து இரத்தமும் எளிதில் நிற்காது.

குளிசை இரைப்பையில் விழுந்து சுவரைத் தொடுவதால் மட்டும் புண் வருவதில்லை. முக்கியமான கேடு இரத்தத்தின் வழியே வருகிறது. ஆகவே ஊசியாகப் போட்டாலும், ஆசனவாயில் வைத்தாலும், குடலில் போய்க் கரையும்படி பூச்சுப் பூசிய குளிசையை எடுத்தாலும் ஆபத்து நீங்குவதில்லை. "சாப்பிட்ட பிறகுதானே போட்டார்" என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். சாப்பாட்டுடன் எடுத்தால் எரிவு கொஞ்சம் குறையலாம், புண்ணைத் தடுக்காது. பால் குடித்தாலும் அப்படித்தான். புளிப்பும் உறைப்பும் குறைத்துச் சாப்பிட்டால் அம்மாவுக்கு இதமாக இருந்தால் குறைக்கட்டும். ஆனால் இந்தப் புண்ணை உண்டாக்கியது மிளகாய் அல்ல.

"வயிறு எரியவே இல்லையே, பிறகெப்படிப் புண்?" என்பது இன்னும் பெரிய மயக்கம். நோவுக் குளிசை எடுப்பவர்களில் பலருக்கு முதல் அறிகுறியே இரத்தக் கசிவுதான். நோவைத் தணிக்கும் மருந்து புண்ணின் நோவையும் மறைக்கிறது, வயது போனவர்களுக்கு இயல்பாகவே உணர்வு குறைவு. மறுபக்கம், வயிறு எரிகிறது என்று சொல்லும் பலரைக் கமரா விட்டுப் பார்த்தால் புண் இருக்காது. இந்த மருந்துகளைத் தொடர்ந்து எடுப்பவர்களை எண்டோஸ்கோப்பி செய்து பார்த்தால் 15 முதல் 30 வீதமானோருக்குப் புண் தெரியும். இரத்தக் கசிவு, துளை போன்ற கடும் சிக்கல் ஒரு வருடத்தில் 100 பேரில் ஒன்றிரண்டு பேருக்கு வருகிறது. அந்த ஒன்றிரண்டு பேர் யாராக இருக்கக் கூடும் என்பதைப் பெரும்பாலும் முன்கூட்டியே சொல்லிவிடலாம். முன்பு புண் வந்தவர், 65 வயதைத் தாண்டியவர், அதிக அளவில் அல்லது இரண்டு வகை நோவுக் குளிசைகளை ஒன்றாக எடுப்பவர், கூடவே அஸ்பிரின், இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்பரின், குளோபிடோகிறல், ஸ்டீரொய்டு வகையான பிரெட்னிசலோன் போன்றவற்றை எடுப்பவர், சில வகை மனச்சோர்வு மருந்துகளை எடுப்பவர், இரைப்பையில் ஹெலிகோபக்டர் பைலோரி என்ற கிருமி இருப்பவர். உங்கள் அம்மா புண் வருவதற்கு முன்பே இவற்றில் இரண்டு படிகளில் நின்றிருக்கிறார். இப்போது மூன்று.

வயிற்றுக் குளிசைக்கு வருகிறேன். ஒமிப்ரசோல், பன்டோபிரசோல், எசோமிப்ரசோல் என்பவை ஒரே குடும்பம். அமிலத்தைச் சுரக்கும் பம்பையே இவை நிறுத்துகின்றன. உணவு வரும்போதுதான் அந்தப் பம்புகள் வேலைக்கு எழும். அதனால் காலை உணவுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன்பு எடுக்க வேண்டும். மேலே சொன்ன கலப்பு உறைகளில் இந்தக் குளிசையையும் "சாப்பாட்டுக்குப் பின்" என்று கொடுத்துவிடுவதால் அதன் பலனில் ஒரு பகுதி வீணாகிறது. கூட்டைத் திறந்து உள்ளே இருக்கும் சிறு மணிகளை அரைக்கவும் கூடாது, மெல்லவும் கூடாது. எரியும்போது மட்டும் ஒன்று போடுவது என்ற பழக்கத்தையும் விட வேண்டும். காவலுக்கு நிற்கும் மருந்து தினமும் நிற்க வேண்டும். இரைப்பைப் புண் ஆறுவதற்கு வழக்கமாக எட்டு வாரம் கொடுப்பார்கள். அதன் பிறகும் அம்மா அஸ்பிரினைத் தொடரப் போகிறார் என்பதால், நாளுக்கு ஒரு முறை இந்தக் காவல் மருந்தும் தொடர வேண்டியிருக்கும். இது எட்டு வாரத்துடன் முடியும் கணக்கு அல்ல என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். "புண் ஆறிவிட்டது, இனி எதற்கு?" என்று யாராவது நிறுத்திவிடுவார்கள்.

நீண்ட காலம் எடுத்தால் கெடுதி இல்லையா என்று கேட்பீர்கள். மக்னீசியமும் விற்றமின் பி12உம் குறையலாம், எலும்பு முறிவும் குடல் தொற்றும் சற்றுக் கூடலாம் என்று கவனித்திருக்கிறார்கள். தேவை இல்லாதவர்கள் ஆண்டுக்கணக்கில் விழுங்குவது பிழை. உங்கள் அம்மாவுக்குத் தேவை இருக்கிறது, பலன் பாரிய அளவில் அதிகம். அவருக்கு அஸ்பிரினுடன் குளோபிடோகிறலும் எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். அப்படியானால் ஒமிப்ரசோலும் எசோமிப்ரசோலும் அதன் வேலையைக் குறைக்கக் கூடும், பன்டோபிரசோல் பொருத்தம். வைத்தியரிடம் இதை நேரடியாகவே கேளுங்கள்.

பமொட்டிடின் என்ற அமிலம் குறைக்கும் குளிசை ஒமிப்ரசோல் வகையைவிட வலுக் குறைந்தது. வழக்கமான அளவில் அது முன்சிறுகுடல் (இரைப்பையை அடுத்துள்ள குடற்பகுதி) புண்ணைத் தடுக்குமே தவிர இரைப்பைப் புண்ணை நம்பத்தக்க அளவில் தடுக்காது. வெள்ளைப் பாணியாகக் குடிக்கும் அமில முறிப்பான்கள் எரிவைத் தணிக்கும், அவ்வளவுதான். மிசோபுரொஸ்டோல் இழந்த புரொஸ்டகிளாண்டினுக்கு ஈடாக வேலை செய்யும் மருந்து, புண்ணைத் தடுக்கவும் செய்யும். ஆனால் வயிற்றோட்டமும் வயிற்று வலியும் பலரை வாட்டும். கர்ப்பிணிகளுக்குக் கருச்சிதைவை உண்டாக்கும் என்பதால் அதை வீட்டில் கவனமின்றி வைத்திருக்கவே கூடாது.

முழங்கால் நோ உண்மையானது. "பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று விட்டுவிட்டால் அம்மா இரண்டு வாரத்தில் மறுபடியும் அதே கடைக்கு ஆள் அனுப்புவார். பரசிட்டமோல் 500 மில்லிகிராம், ஒரு வேளைக்கு இரண்டு, நாளுக்கு மொத்தம் எட்டைத் தாண்டாமல், வேளைகளுக்கு இடையில் குறைந்தது நாலு மணி நேரம் விட்டு எடுக்கலாம். உடல் எடை குறைந்தவருக்கும் ஈரல் நோய் உள்ளவருக்கும் அளவு குறைய வேண்டும். அது மூட்டு நோவை முழுதாக எடுக்காது, ஆனால் இரைப்பையைத் தொடாது. பூசும் டைக்குளோபெனாக் ஜெல் முழங்காலுக்கு நன்றாகவே வேலை செய்கிறது, இரத்தத்தில் சேர்வது குளிசையோடு ஒப்பிட்டால் மிகச் சொற்பம். ஆயினும் இரத்தம் கசிந்து இப்போதுதான் வந்திருப்பதால் வைத்தியரிடம் கேட்டே தொடங்குங்கள். இவற்றைவிட நீண்ட நாள் பலன் தருவது தொடையின் முன்பக்கத் தசையைப் பலப்படுத்தும் பயிற்சி. கதிரையில் உட்கார்ந்து காலை நேரே நீட்டி, ஐந்து எண்ணும் வரை பிடித்து மெல்ல இறக்க வேண்டும். ஒரு காலுக்குப் பத்துத் தடவை, காலையும் மாலையும். வைத்தியசாலையின் இயன்மருத்துவர் ஒரு தடவை முன்னால் நின்று காட்டினால் அம்மா பிழை விடாமல் செய்வார். கைத்தடியை நோகும் காலுக்கு எதிர்க் கையில் பிடிக்க வேண்டும், பலர் மாறிப் பிடிக்கிறார்கள். கன்னியா வெந்நீரூற்றில் குளிக்க ஆசைப்பட்டால் உடம்பு தேறிய பிறகு கூட்டிப் போங்கள், சூடு மூட்டுக்கு இதம் தரும். படியில் வழுக்காமல் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

"மூட்டு நோவுக்கு மூலிகைத் தூள்" என்று பெயர், முகவரி இல்லாமல் விற்பதை வாங்க வேண்டாம். இப்படிப்பட்ட தூள்களில் ஸ்டீரொய்டும் நோவு மருந்தும் இரகசியமாகக் கலந்திருப்பது பல நாடுகளில் பரிசோதனையில் பிடிபட்டிருக்கிறது. போட்ட அன்றே நோ பறந்துபோனால் மகிழ வேண்டாம், சந்தேகப்படுங்கள். பதிவு பெற்ற சித்த வைத்தியர் தரும் பூச்சு எண்ணெய் வேறு விடயம்.

ஒருநாள் வைத்தியர் பார்த்து, நோவுக் குளிசை கட்டாயம் தேவை என்று முடிவு செய்தால்? செலிகொக்சிப் என்ற வகை இரைப்பையின் காவலை அவ்வளவாகக் கலைப்பதில்லை. ஆனால் இரத்தம் கசிந்தவருக்கு அது மட்டும் போதாது. அஸ்பிரின் தேவைப்படும், முன்பு இரத்தம் கசிந்த நோயாளிகளை வைத்து ஹொங்கொங்கில் செய்து 2017இல் வெளியான ஆய்வில், செலிகொக்சிப்புடன் எசோமிப்ரசோல் எடுத்தவர்களில் 5.6 வீதமானோருக்கும், நப்ரொக்சன் என்ற பழைய வகை நோவுக் குளிசையுடன் எசோமிப்ரசோல் எடுத்தவர்களில் 12.3 வீதமானோருக்கும் 18 மாதத்துக்குள் மீண்டும் கசிந்தது. சிறந்த கூட்டிலும் ஆபத்து பூச்சியம் ஆகவில்லை. செலிகொக்சிப் வகையும் இதயத்துக்கு முற்றிலும் பாதுகாப்பானது அல்ல, இதே குடும்பத்து ரொபெகொக்சிப் மாரடைப்பைக் கூட்டியதால் 2004இல் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. ஆகவே இது கடை வாசலில் எடுக்கும் முடிவு அல்ல. இபுபுரோபனை "லேசான குளிசை" என்று நினைத்தும் வாங்க வேண்டாம். அது அஸ்பிரினின் இதயக் காவலையே தடுக்கக் கூடும்.

அம்மாவின் கிளினிக் கொப்பியை எடுத்து, முதல் பக்கத்தில் சிவப்புப் பேனாவால் பெரிதாக எழுதுங்கள்: "இரைப்பைப் புண்ணில் இரத்தம் கசிந்தது. டைக்குளோபெனாக், இபுபுரோபன், மெபனமிக் அமிலம், நப்ரொக்சன் கொடுக்க வேண்டாம்." பல்லுக்கும் காய்ச்சலுக்கும் வேறு வேறு இடங்களுக்குப் போகும்போது அந்த ஒரு பக்கம் அவருக்காகப் பேசும். காய்ச்சல் என்றதும் இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2017இல் கிண்ணியாவில் டெங்கு எப்படிப் பரவியது என்பதை நம் மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காய்ச்சலும் உடம்பு உளைவும் வந்தால் வீட்டில் எந்த வயதினருக்கும் பரசிட்டமோலைத் தவிர வேறு நோவுக் குளிசை கொடுக்காதீர்கள். டெங்கில் குருதிச் சிறுதட்டுக்கள் ஏற்கனவே விழுகின்றன, இந்தக் குளிசைகள் இரத்தக் கசிவை இன்னும் கூட்டும். காய்ச்சல் நாளில் அம்மாவின் அஸ்பிரினைப் பற்றியும் அன்றே வைத்தியரிடம் கேளுங்கள்.

திரும்பவும் இரத்தம் கசிகிறதா என்று பார்க்க மலத்தைக் கவனியுங்கள். கூச்சப்பட வேண்டாம். தார் போலக் கறுத்து, ஒட்டும் தன்மையுடன், வழக்கத்துக்கு மாறான கெட்ட நாற்றத்துடன் இருந்தால் அது இரத்தம். இரத்தம் குறைந்திருப்பதால் இரும்புச்சத்துக் குளிசை தந்திருப்பார்கள், அதனாலும் மலம் கறுக்கும். ஆனால் அது கரும்பச்சையாக, பெரும்பாலும் கட்டியாக இருக்கும், அந்த நாற்றம் இருக்காது. சந்தேகம் வந்தால் வீட்டில் வாதாடிக்கொண்டிருக்காமல் காட்டிவிடுங்கள். கோப்பித் தூள் போன்ற வாந்தி, எழுந்தால் கண் இருட்டுவது, குளிர்ந்த வியர்வை, நெஞ்சுப் படபடப்பு இருந்தால் 1990ஐ அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். கத்தியால் குத்தியது போலத் திடீரென்று வயிறு வலித்து, பலகை போல இறுகிவிட்டால் புண் துளைத்துவிட்டது என்று பொருள். அதற்குச் சத்திரசிகிச்சை வேண்டும். வாயால் எதுவும் கொடுக்காமல் உடனே கொண்டுபோங்கள்.

அடுத்த கிளினிக் நாளில் இரண்டு விடயங்களைக் கேட்டு வர வேண்டும். ஒன்று, பைலோரிக் கிருமியைப் பரிசோதித்தார்களா என்பது. பரி மார்ஷலும் ரொபின் வொரனும் இந்தக் கிருமியைக் கண்டுபிடித்ததற்காக 2005இல் நோபல் பரிசு பெற்றார்கள். நோவுக் குளிசையும் இந்தக் கிருமியும் சேர்ந்தால் புண்ணின் ஆபத்து பல மடங்காகும். இரத்தம் கசியும் நேரத்தில் செய்த பரிசோதனை "இல்லை" என்று காட்டினாலும் அதை முழுதாக நம்ப முடியாது, பின்னர் ஒரு தடவை செய்வது நல்லது. மூச்சு அல்லது மலப் பரிசோதனைக்கு முன் ஒமிப்ரசோல் வகையை இரண்டு வாரம் நிறுத்தச் சொல்வது வழக்கம். அம்மாவைப் பொறுத்தவரை அப்படி நிறுத்துவது பாதுகாப்பா என்பதை வைத்தியரே முடிவு செய்யட்டும். கிருமி இருந்தால் பெரும்பாலும் 14 நாள் அன்டிபயோட்டிக் கொடுப்பார்கள். இரண்டு நாளில் வாய் கசக்கிறது என்று விட்டுவிடாமல் முழுதாக முடிக்க வேண்டும். மருந்து முடிந்து நாலு வாரத்துக்குப் பிறகு கிருமி போய்விட்டதா என்றும் பார்க்க வேண்டும்.

மற்றது, இரண்டாவது எண்டோஸ்கோப்பிக்கு எப்போது வரச் சொல்லியிருக்கிறார்கள் என்பது. முன்சிறுகுடல் புண்ணுக்கு இது பெரும்பாலும் தேவைப்படாது. இரைப்பைப் புண் அப்படி அல்ல. சில வேளைகளில் புற்றுநோயே சாதாரணப் புண் போலத் தோன்றக் கூடும் என்பதால், எட்டு வாரமளவில் மறுபடி கமரா விட்டு, ஆறிவிட்டதா என்று கண்ணால் பார்ப்பார்கள். முதல் தடவை சதைத்துண்டு எடுத்திருந்தால் அதன் முடிவையும் கேட்டு வாங்கிக் கொப்பியில் ஒட்டுங்கள். அதற்குள் அம்மா நன்றாகச் சாப்பிடுவார், முகம் தெளிந்திருக்கும், "எனக்குச் சுகம், இனி அந்தக் குழாயை விழுங்க மாட்டேன்" என்பார். அன்று நீங்கள் விட்டுக்கொடுக்கக் கூடாது, தம்பி. தொண்டைக்கு மரப்பு மருந்து அடிப்பார்கள், பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். முதல் நாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு எதுவும் உண்ணாமல் காலையில் கூட்டிப் போங்கள்.